முள் காட்டாத காற்று

சில வருடங்களுக்கு முன்பு கம்பெனி என்னை ஆன்சைட் என்று இங்கிலாந்தின் டார்பி நகரத்துக்கு அனுப்பியது. அறைத்தோழன் விருதுநகர்க்காரன். வந்த நான்காவது மாதமே, சேர்த்து வைத்திருந்த பணத்தையெல்லாம் கொட்டி, பன்னிரண்டு வருடப் பழைய கார் ஒன்றை வாங்கினான். ஏன் அந்தக் கார் என்றால், அதில் சூப்பர்சார்ஜர் இருந்தது. ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் பானட்டுக்குள் இருந்து ஊளை மாதிரி ஒரு சத்தம் கிளம்பும். "அந்தச் சத்தத்துக்குத்தான்டா காசு" என்பான்.

முந்தைய ஓனர் டாஷ்போர்டில் ஒரு பூஸ்ட் மீட்டர் வைத்திருந்தார். இஞ்சினுக்குள் திணிக்கப்படும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் வட்ட மீட்டர். முழு ஆக்ஸிலேட்டரில் முள் 8 பிஎஸ்ஐ வரை போகும். அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவது நண்பனுக்குப் பெரிய சந்தோஷம்.

ஷெஃபீல்டுக்கும் கிளாசப்புக்கும் நடுவில் ஸ்னேக் பாஸ் என்றொரு மலைச்சாலை இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் ஏறிக்கொண்டிருந்தபோது வண்டி இழுக்கவில்லை. மிதித்தால் சத்தம் வருகிறது, வேகம் வரவில்லை. பின்னால் வந்த வேன் ஒன்று பொறுமையிழந்து எங்களை முந்திக்கொண்டு போனது. நான் மீட்டரைப் பார்த்தேன். முள் 8-ஐத் தாண்டி 10-ல் நின்றது.

"பூஸ்ட் நல்லாத்தானடா ஏறுது? முன்னைவிட ஜாஸ்தியாவே ஏறுது. அப்புறம் ஏன் இழுக்க மாட்டேங்குது?"

நான் எஞ்சினியரிங் படித்தவன். பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? "காத்து சரியா போகுதுன்னு மீட்டர் சொல்லுது. அப்ப பெட்ரோல்தான் பத்தல. ஃபியூயல் பம்ப்பை மாத்துவோம்" என்றேன். மாற்றினோம். அதன் பிறகு ஸ்பார்க் பிளக். அதற்கும் பிறகு சூப்பர்சார்ஜரைச் சுற்றும் பெல்ட். மூன்று சம்பளம் போனதுதான் மிச்சம். முள் 10-லேயே இருந்தது, வண்டி அப்படியே நொண்டியது.

கடைசியில் ஊருக்கு வெளியே ஒரு சின்ன ஷெட்டில் தனியாக வேலை பார்க்கும் பெரியவரிடம் போனோம். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நாங்கள் சொன்னதை முழுசாகக் கேட்டார். பானட்டைத் திறக்கவே இல்லை. வண்டியைத் தூக்கி நிறுத்தி, கீழே போய், இஞ்சினுக்குப் பக்கத்தில் எக்ஸாஸ்ட் குழாயில் இருந்த ஆக்ஸிஜன் சென்சரைக் கழற்றினார். அந்த ஓட்டையில் தன்னுடைய அழுத்த மீட்டர் ஒன்றைத் திருகிப் பொருத்தினார். இஞ்சினை ஓடவிட்டு 2500 சுற்றில் பிடிக்கச் சொன்னார். நல்ல வண்டியில் அந்த இடத்தில் ஒன்றோ இரண்டோ பிஎஸ்ஐ இருக்கும். எங்கள் வண்டியில் 6.

அவர் எங்களைப் பார்த்துச் சொன்னதை என் தமிழில் எழுதினால் இப்படி வரும்: "உங்க மீட்டர் உள்ளே போன காத்தைக் காட்டல. உள்ளே போக முடியாம வாசல்ல நிக்கிற காத்தைக் காட்டுது."

புகை வெளியேறும் வழியில் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் அடைத்துக்கொண்டிருந்தது. எரிந்த புகை வெளியே போகாமல் சிலிண்டரிலேயே தேங்குகிறது. அதனால் புதுக் காற்றுக்கு உள்ளே இடம் இல்லை. சூப்பர்சார்ஜருக்கு இது தெரியாது. அது பாட்டுக்குக் காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. தள்ளிய காற்று வாசலில் குவிகிறது, முள் ஏறுகிறது. நாங்கள் பலம் என்று நினைத்தது அடைப்பின் அளவு.

அந்த வாக்கியம் என்னை விடவில்லை. இந்த இயந்திரத்தின் சரித்திரத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அந்தப் பெரியவர் சொன்னதை ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது என்று தெரிந்தது.

*

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் கானர்ஸ்வில் என்று ஒரு சிற்றூர். அங்கே கம்பளி ஆலை நடத்திவந்த ஃபிலாண்டர் ரூட்ஸ், ஃபிரான்சிஸ் ரூட்ஸ் என்ற சகோதரர்கள், ஆலைக்கான தண்ணீர்ச் சக்கரத்தை மேம்படுத்தப் பார்த்தார்கள். ஒரு பெட்டிக்குள் ஒன்றோடொன்று இழைந்து சுற்றும் இரண்டு உருளைகளைச் செய்தார்கள். தண்ணீருக்கு அது சரிவரவில்லை. ஆனால் சுற்றிவிட்டால் அது காற்றை நன்றாகத் தள்ளியது. 1860-ல் காப்புரிமை வாங்கினார்கள். வார்ப்படப் பட்டறைகளுக்கும் சுரங்கங்களுக்கும் காற்று ஊதும் கருவியாக அது பரவியது. என் நண்பனின் கார் உட்பட, பல சூப்பர்சார்ஜர்களின் முப்பாட்டன் அந்தக் கம்பளி ஆலைக் கருவிதான்.

ரூட்ஸ் கருவி தனக்குள் காற்றை அமுக்குவதில்லை. ஒரு பக்கம் இருக்கும் காற்றை வாரி எடுத்து மறுபக்கம் கொட்டுகிறது, அவ்வளவுதான். மறுபக்கம் இருப்பவர் அதை உடனே விழுங்கிவிட்டால் அழுத்தமே எழாது. விழுங்க முடியாதபோதுதான் குவியும்.

டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். படிக்கட்டில் எத்தனை பேர் தொங்குகிறார்கள் என்று எண்ணலாம். அதை வைத்து, அந்த பஸ் ஒரு நாளில் எத்தனை பேரை ஊர் சேர்த்தது என்று சொல்ல முடியாது. கூட்டம் நிறைய இருப்பதாலும் தொங்குவார்கள், உள்ளே இருப்பவர் யாரும் நகராததாலும் தொங்குவார்கள். பூஸ்ட் மீட்டர் எண்ணுவது படிக்கட்டை.

இது புரிந்துவிட்டால், சூப்பர்சார்ஜர் வண்டியின் நோய்களை முள்ளையும் இழுவையையும் சேர்த்து வைத்துப் படிக்கலாம். முள்ளும் குறைவு, இழுவையும் குறைவு என்றால் காற்று வந்து சேரவில்லை. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், பைபாஸ் வால்வு மூடாமல் இருக்கலாம், குழாயில் எங்காவது கசிவு இருக்கலாம். கீழ்ச் சுற்றில் முள் சரியாக ஏறி, மேல் சுற்றில் சரிந்தால் பெல்ட் நழுவுகிறது. முள் எப்போதும்போல இருக்கிறது, ஆனால் கொஞ்ச நேரம் ஓட்டியதும் இழுவை செத்துப்போகிறது என்றால் வெப்பத்தைச் சந்தேகிக்க வேண்டும். இன்டர்கூலரின் தண்ணீர்ப் பம்ப் நின்றுபோயிருந்தால் காற்று சூடாகவே போகும். சூடான காற்று மெலிந்த காற்று. போதாக்குறைக்கு இஞ்சின் இடிக்கத் தொடங்காமல் இருக்க, கம்ப்யூட்டர் தீப்பொறியைத் தாமதப்படுத்திவிடும். நான்காவது வகைதான் எங்களுக்கு வந்தது: முள் உயர்ந்து இழுவை குறைவது. அப்போது காற்று போகும் வழியை விட்டுவிட்டு, புகை வரும் வழியைப் பார்க்க வேண்டும்.

*

இஞ்சினுக்குக் காற்றைத் திணிக்கும் யோசனைக்கு 1885-லேயே காட்லீப் டைம்லர் காப்புரிமை பெற்றிருந்தார். முதல் உலகப்போர்க் காலத்தில், உயரே போகப்போகக் காற்று மெலிந்து விமான இஞ்சின்கள் திணறியபோது இந்த யோசனைக்கு அவசரம் வந்தது. போர் முடிந்ததும் அது ரேஸ் கார்களுக்கு இறங்கியது.

1923-ல் ஃபிரான்சின் டூர் நகரத்தில் நடந்த கிராண்ட் ப்ரீக்கு ஃபியட் கம்பெனி சூப்பர்சார்ஜர் பொருத்திய கார்களோடு வந்தது. எடுத்த எடுப்பில் மற்றவர்களை விட்டுப் பறந்தன. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின. சாலையின் தூசியையும் சிறு கற்களையும் சூப்பர்சார்ஜர் உறிஞ்சிக்கொண்டதுதான் காரணம் என்று சொல்லப்படுகிறது. காற்றை உறிஞ்சும் வாயில் ஒழுங்கான தடுப்பு இல்லை. சூப்பர்சார்ஜரே இல்லாத சன்பீம் காரில் ஹென்றி சீக்ரேவ் ஜெயித்தார். இரண்டு மாதம் கழித்து மான்சாவில், குறையைச் சரிசெய்துகொண்டு வந்த ஃபியட் ஜெயித்தது. சூப்பர்சார்ஜர் பொருத்திய கார் ஒன்று கிராண்ட் ப்ரீயை வென்றது அதுவே முதல் முறை.

அடுத்த வருடம் சன்பீமும் சூப்பர்சார்ஜர் வைத்தது, ஆனால் ஒரு மாற்றத்தோடு. அதுவரை சூப்பர்சார்ஜர் வெறும் காற்றைக் கார்பரேட்டருக்குள் ஊதும். சன்பீம்காரர்கள் கார்பரேட்டரை முன்னால் வைத்து, பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையையே சூப்பர்சார்ஜருக்குள் விட்டார்கள். பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியிருக்கும் சூட்டை எடுத்துக்கொள்ளும். கலவை குளிரும், அடர்த்தியாகும், அதே இடத்தில் அதிகக் காற்று அடங்கும். இந்த விஷயத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பதினாறு வருடம் கழித்து இது வேறொரு முகத்தோடு திரும்பி வரும்.

1924 ஆகஸ்டில் லியோனில் ரேஸ். சன்பீம்தான் வேகமான கார். ஆனால் சீக்ரேவின் இஞ்சின் விட்டுவிட்டு அடித்தது. புத்தம்புதிய சூப்பர்சார்ஜர் அமைப்பு இருக்கும்போது யாருக்கும் சந்தேகம் அதன்மேல்தான் போகும். குற்றவாளி வேறு ஆள். ரேஸுக்குச் சற்று முன்பு தீப்பொறிக்கான மேக்னெட்டோவைப் புதிதாக மாற்றியிருந்தார்கள், கோளாறு அதில் இருந்தது. அந்த ரேஸின் மிக வேகமான சுற்றை ஓட்டியும் சீக்ரேவ் ஐந்தாவதாகத்தான் வந்தார். அடுத்த மாதம் சான் செபாஸ்தியானில் அதே வகைக் காரில் ஜெயித்தார்.

இதைப் படித்தபோது எனக்கு டார்பி ஷெட் ஞாபகம் வந்தது. பெரியவர் அடைப்பைக் கண்டுபிடித்த அன்று, "சரி, புது கன்வர்ட்டர் போட்டுடுங்க" என்றான் நண்பன். அவர் போடவில்லை. "ஏன் அடைச்சது?" என்று கேட்டார். ஒரு சிலிண்டரின் இக்னிஷன் காயில் மாதக்கணக்காகச் சரியாகப் பொறி விடவில்லை. எரியாத பெட்ரோல் புகையோடு போய், கன்வர்ட்டருக்குள் எரிந்து, அதன் தேன்கூட்டை உருக்கியிருந்தது. கன்வர்ட்டரை மட்டும் மாற்றியிருந்தால் சில மாதங்களில் அதுவும் உருகியிருக்கும். ஊளையிடுகிற பாகத்தின்மேல் எல்லோருக்கும் சந்தேகம். தப்பு செய்தது சத்தமே போடாத ஒரு காயில்.

*

டார்பியில் நைட்டிங்கேல் ரோடு என்று ஒரு தெரு. ரோல்ஸ்ராய்ஸின் பழைய தொழிற்சாலை அங்கேதான் இருந்தது. அதன் முகப்புக் கட்டடம் இன்னும் நிற்கிறது. அந்த வழியாகப் பலமுறை போயிருக்கிறேன், அது என்னவென்றே தெரியாமல்.

1938 ஜனவரியில் ஸ்டான்லி ஹூக்கர் என்ற முப்பது வயதுக்காரர் அந்தக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். அவர் எஞ்சினியர் இல்லை, கணிதக்காரர். ஆக்ஸ்ஃபோர்டில் திரவங்கள் பாயும் கணக்கில் ஆய்வுப்பட்டம் வாங்கியவர். பிற்காலத்தில் எழுதிய சுயசரிதைக்கு, 'பெரிய எஞ்சினியர் ஒன்றும் இல்லை' என்று பொருள்படும் தலைப்பைத்தான் வைத்தார். சேர்ந்த புதிதில் அவருக்கென்று யாரும் வேலை கொடுக்கவில்லை. தேடிப் போனபோது சூப்பர்சார்ஜர் சோதனை அறிக்கைகள் கையில் கிடைத்தன. மெர்லின் என்ற விமான இஞ்சினுடையவை. ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் போர் விமானங்களுக்குப் போகும் இஞ்சின்.

மெர்லினில் இருந்தது ரூட்ஸ் வகை கிடையாது. வேகமாகச் சுழலும் சக்கரம் காற்றை வெளிநோக்கி வீசி அழுத்தும் வகை. அந்த ஓட்டத்தை ஹூக்கர் கணக்குப் போட்டுப் பார்த்தார். சக்கரத்துக்கு வந்து சேரும் வழி மோசமான வளைவு, அதிலேயே நிறைய வீணாகிறது. சக்கரத்தின் வடிவமும், வெளியேறும் வழியின் வடிவமும் இன்னும் தேறலாம். இதை எழுதி, அந்தத் துறையின் மூத்த நிபுணரிடம் கொடுத்தார். கொடுத்த பிறகுதான், அந்த நிபுணரின் படைப்பையே குறை சொல்லியிருக்கிறோம் என்று உறைத்து பயந்தார். ஆனால் அந்த மனிதர் கோபப்படவில்லை. சூப்பர்சார்ஜர் பொறுப்பே ஹூக்கரிடம் வந்தது.

ஹூக்கரும் உடன் வேலை பார்த்த ரீட், யார்க்கர் இருவரும் செய்த ஆய்வின் சாரம் எளிமையானது. இஞ்சினின் திறன், ஒரு நிமிடத்தில் அது உண்மையாக விழுங்கும் காற்றின் எடையைப் பொறுத்தது. பூஸ்ட் அழுத்தம் அதில் ஒரு உறுப்பு மட்டும்தான். உள்ளே போகும் கலவை எவ்வளவு சூடு, வெளியேறும் வாசலில் எவ்வளவு எதிர் அழுத்தம் என்று இன்னும் இரண்டையும் சேர்த்தால்தான் கணக்கு முடியும். சூப்பர்சார்ஜர் தன்னைச் சுற்றிக்கொள்ள இஞ்சினிடமிருந்தே எடுத்துக்கொள்ளும் திறனையும் கழிக்க வேண்டும்.

மெர்லின் 3 இஞ்சினின் அட்டவணையைப் பார்த்தாலே இது தெரியும். பூஸ்ட் 6¼ பிஎஸ்ஐ, சுற்று நிமிடத்துக்கு 3000. தரையில் கிளம்பும்போது அது 880 குதிரைத்திறன் தரும். அதே பூஸ்ட், அதே சுற்று, 16,250 அடி உயரத்தில் 1030 குதிரைத்திறன். மேலே காற்று மெலிந்துதான் இருக்கிறது, ஆனால் திறன் கூடுகிறது! கீழே அடர்ந்த காற்றை அப்படியே விட்டால் இஞ்சின் தாங்காது என்று திராட்டிலைப் பாதி மூடி நெருக்குகிறார்கள். மேலே அது முழுசாகத் திறந்திருக்கிறது. காற்று குளிர்ந்திருக்கிறது. எக்ஸாஸ்ட் வாசலில் எதிர்த்து நிற்கும் வளிமண்டலமும் குறைவு, அதனால் புகை சுலபமாக வெளியேறுகிறது. விமானி பார்க்கும் பூஸ்ட் முள்ளில் மட்டும் இந்த 150 குதிரைகள் தெரியாது.

ஹூக்கர் குழுவின் திருத்தங்களால், இஞ்சின் முழுத் திறனோடு இயங்கும் உயரம் சுமார் 16,000 அடியிலிருந்து 19,000 அடிக்குப் போனது. 1941-ல் ஜெர்மானியர்களின் ஃபோக்கே-வுல்ஃப் 190 வந்து ஸ்பிட்ஃபயரை மிஞ்சியபோது, இரண்டு சக்கரங்களை அடுத்தடுத்து வைத்து, நடுவிலும் முடிவிலும் கலவையைக் குளிரவைக்கும் மெர்லின் 61 கைவசம் இருந்தது. 1942-ல் அதைப் பொருத்திய ஸ்பிட்ஃபயர் 9 பறந்தது. கொள்ளளவு அதே 27 லிட்டர், அதே பன்னிரண்டு சிலிண்டர்கள். மாறியது காற்றின் பாதைதான்.

*

இப்போது அந்த சன்பீம் விஷயத்துக்கு வருகிறேன். மெர்லினிலும் கார்பரேட்டர் சூப்பர்சார்ஜருக்கு முன்னால்தான் இருந்தது, அதே காரணத்துக்காக. பெட்ரோல் ஆவியாகிக் கலவையைச் சுமார் 25 டிகிரி குளிர்வித்தது, திறன் கூடியது. ஜெர்மன் விமானங்களின் டைம்லர்-பென்ஸ் இஞ்சின்களில் கார்பரேட்டர் கிடையாது. பெட்ரோல் நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படும்.

1940-ல் பிரிட்டன் வானத்தில் சண்டை நடந்தபோது இந்த வித்தியாசத்தின் விலை தெரிந்தது. ஜெர்மன் விமானி துரத்தப்பட்டால், மூக்கைச் சட்டென்று கீழே அமுக்கிப் பாய்ந்துவிடுவான். ஸ்பிட்ஃபயர் அதே மாதிரி பாய்ந்தால் இஞ்சின் அடைத்துக்கொள்ளும். சில விநாடிகள்தான். ஆனால் வான்சண்டையில் சில விநாடி என்பது எதிரி தப்பித்துப்போக, அல்லது இன்னொருவன் பின்னால் வந்து சேரப் போதுமான நேரம். விமானிகள் ஒரு வழி வைத்திருந்தார்கள். முதலில் விமானத்தைப் பக்கவாட்டில் உருட்டித் தலைகீழாக்கி, அதன் பிறகு பாய்வார்கள். அதற்குள் எதிரி தூரம் போயிருப்பான்.

சாப்ட்வேரில் எங்களுக்கு மிகவும் பிடிக்காத வகை பக் இது. நின்ற இடத்தில் எல்லாச் சோதனையிலும் தேறிவிடும். ஓடும்போது, அதுவும் ஒரு குறிப்பிட்ட அசைவில் மட்டும்தான் விழும்.

ஃபார்ன்பரோவில் அரசாங்க விமான ஆய்வு நிலையத்தில் கார்பரேட்டர் பிரிவில் பியாட்ரிஸ் ஷில்லிங் இருந்தார். 1909-ல் பிறந்தவர். மான்செஸ்டரில் எலெக்ட்ரிகல் எஞ்சினியரிங் முடித்து, மெக்கானிக்கலில் மேற்படிப்பும் படித்தவர். சூப்பர்சார்ஜர் பொருத்திய ஒற்றைச் சிலிண்டர் இஞ்சின்களின் ஆய்வில் உதவியாளராக இருந்திருக்கிறார். ப்ரூக்லண்ட்ஸ் ரேஸ் தடத்தில் தன் நார்ட்டன் பைக்கை மணிக்கு 100 மைலுக்கு மேல் ஓட்டி, அதற்கான தங்க நட்சத்திர விருதும் வாங்கியவர்.

இஞ்சின் ஏன் அடைக்கிறது? மூக்கு கீழே போகும்போது எடையே தலைகீழாகிறது. கார்பரேட்டரின் மிதவை அறையில் அடியில் கிடக்க வேண்டிய பெட்ரோல் கூரைக்குப் போய்விடும். முதல் நொடியில் இஞ்சின் பெட்ரோல் இல்லாமல் இருமும். எல்லோர் கவனமும் இந்தப் பஞ்சத்தின் மேல்தான் போகும். ஆனால் அதற்குப் பின்னால் வருவதுதான் பெரியது. மிதவையும் இடம் மாறுவதால் பெட்ரோல் வால்வு முழுசாகத் திறந்துகொள்கிறது. பம்ப் தன் முழு பலத்தோடு பெட்ரோலைக் கொட்டுகிறது. அளவுக்கு மீறிய பெட்ரோல் சூப்பர்சார்ஜருக்குள் வெள்ளமாகப் போய் இஞ்சினை மூச்சடைக்க வைக்கிறது. நோய் பஞ்சம் மாதிரி தெரிந்தாலும் ஆளைக் கொன்றது வெள்ளம்.

வெள்ளம் என்று தெரிந்ததும் ஷில்லிங் கேட்ட கேள்வி: முழுத் திறனில் இந்த இஞ்சினுக்கு அதிகபட்சம் எவ்வளவு பெட்ரோல் தேவை? அதைக் கணக்கிட்டு, அந்த அளவை மட்டும் விடும் ஓட்டை கொண்ட சின்னப் பித்தளைத் துண்டு ஒன்றைச் செய்தார், தையல்காரர் விரலில் மாட்டும் குப்பி மாதிரி. பெட்ரோல் குழாயில் அதைச் செருகினால் போதும். வால்வு எவ்வளவு திறந்தாலும் தேவைக்கு மேல் ஒரு சொட்டு வராது. 12 பிஎஸ்ஐ பூஸ்ட் இஞ்சினுக்கு ஒன்று, 15 பிஎஸ்ஐ இஞ்சினுக்கு ஒன்று என இரண்டு அளவு. விமானத்தைப் பட்டறைக்குக் கொண்டுபோகவே வேண்டாம். ஷில்லிங் ஒரு சிறு குழுவோடு விமானத்தளம் விமானத்தளமாகப் போய், பெரும்பாலும் தன் பைக்கிலேயே, 1941 மார்ச்சுக்குள் போர் விமானப் படை முழுக்கப் பொருத்த வைத்தார்.

நோய் அத்தோடு முழுசாகத் தீரவில்லை. முதல் நொடி இருமல் இருந்தது. தலைகீழாகப் பறந்துகொண்டே இருக்க முடியாது. நிரந்தரத் தீர்வு அழுத்தக் கார்பரேட்டர்கள் 1943-ல் வந்தபோதுதான் கிடைத்தது. ஆனால் நடுவில் இருந்த இரண்டு வருடங்களில் எத்தனை பேர் அந்தப் பித்தளைத் துண்டால் வீடு திரும்பினார்கள் என்று எந்த முள்ளும் காட்டாது. விமானப்படையினர் அதற்கு 'மிஸ் ஷில்லிங்கின் துவாரம்' என்று கொஞ்சம் விரசமாகவே பெயர் வைத்தார்கள். அப்போது அவருக்குக் கல்யாணமாகி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது, மிஸ் கூடக் கிடையாது. கேலியாக வைத்த பெயர்தான் அவரைச் சரித்திரத்தில் நிறுத்தியிருக்கிறது.

*

இவ்வளவும் படித்து முடித்து, நண்பர்களிடம் கதை கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். ஊர் திரும்பி மூன்று வருடம் கழித்து, ஒரு பண்டிகை விற்பனை இரவில் எங்கள் சிஸ்டம் படுத்துக்கொண்டது.

வாடிக்கையாளர்களின் ஆர்டர்கள் ஒரு வரிசையில் வந்து சேரும். அதிலிருந்து எடுத்துச் செயல்படுத்தும் புரோகிராம்கள் இருக்கும். திரையில் வரிசையின் நீளம் ஏறிக்கொண்டே இருந்தது. நான்தான் மூத்தவன். "லோடு ஜாஸ்தி, இன்னும் நாலு சர்வர் போடுங்க" என்றேன். போட்டார்கள். வரிசை இன்னும் வேகமாக ஏறியது. இன்னும் எட்டு போடச் சொன்னேன்.

குழுவில் சேர்ந்து நான்கு மாதமே ஆன ஒரு பெண் அந்த அழைப்பில் இருந்தாள். "சார், டேட்டாபேஸ் பக்கம் ஒருதடவை பாக்கலாமா? எழுதி முடிக்கவே ரொம்ப நேரம் எடுக்குது" என்றாள். "அது அப்புறம்மா, முதல்ல வரிசையைக் குறைப்போம்" என்றேன். நாற்பது நிமிடம் கழித்து, வேறு வழியில்லாமல் அவள் சொன்ன இடத்தைப் பார்த்தோம். டேட்டாபேஸில் ஒரு பூட்டு விடுபடாமல் நின்றிருந்தது. நான் சேர்த்த ஒவ்வொரு சர்வரும் அந்த வாசலில் போய் நின்று நெரிசலைத்தான் கூட்டியிருக்கிறது. அந்த நாற்பது நிமிடத்தில் பணம் கட்டி ஆர்டர் கிடைக்காதவர்கள் பல ஆயிரம் பேர்.

ஸ்னேக் பாஸில் 10-ஐக் காட்டிய அதே முள். வாசலில் நிற்கும் கூட்டத்தை எண்ணி, பலம் என்று இரண்டாவது முறையாக ஏமாந்திருக்கிறேன். கதை தெரிவதற்கும், பதற்றத்தில் அது ஞாபகம் வருவதற்கும் சம்பந்தமே இல்லை என்று அன்றைக்குத் தெரிந்தது. ஹூக்கரின் அறிக்கையை வாங்கிப் படித்த அந்த மூத்த நிபுணரை அன்றிரவு நினைத்துக்கொண்டேன். தன் துறையில் நேற்று வந்த ஒருவன், தான் செய்ததையே குறை சொல்லும்போது கேட்க முடிந்ததே, அது பெரிய விஷயம். நான் ஹூக்கரைப் படித்தபோதெல்லாம் என்னை ஹூக்கராகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் நாற்காலி எதிர்ப்பக்கத்தில் இருந்தது.

மறுநாள் அறிக்கை எழுதினேன். கோளாறை முதலில் சரியாகச் சொன்னது யார், எந்த நிமிடத்தில், அதை யார் தள்ளிப்போட்டது என்று மூன்றையும் எழுதினேன். அவளிடம் நேரில் மன்னிப்பும் கேட்டேன். "பரவால்ல சார்" என்றாள். அவளுக்கு என்னவோ தர்மசங்கடமாக இருந்தது. அடுத்த வாரம், வரிசை நீளத்துக்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணையும் திரையில் சேர்த்தோம்: ஒரு நிமிடத்தில் எத்தனை ஆர்டர்கள் முடிந்து வெளியே போகின்றன என்று. எந்த எண் என்று தேர்ந்தெடுத்தது அவள்தான்.

இதை எழுதும் முன் நண்பனுக்கு ஃபோன் செய்தேன். அவன் இன்னும் அங்கேதான் இருக்கிறான், காரை எப்போதோ விற்றுவிட்டான். காயிலும் கன்வர்ட்டரும் மாற்றிய பிறகு முதல் ஞாயிறு மறுபடியும் ஸ்னேக் பாஸ் போனது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"இருக்காதா? நீதான் மீட்டரைப் பாத்துட்டு, பூஸ்ட் குறைஞ்சிடுச்சேடான்னு பயந்த."

ஆமாம். முள் 8-ஐத் தாண்டவில்லை. வண்டி மேலே ஏறிக்கொண்டிருந்தது.